நிழலில் இருந்தவர்கள்

கல்வராயன் மலைக்காரர்கள் சாலை கேட்டுக் கள்ளக்குறிச்சி மைதானத்தில் உட்கார்ந்த அன்று, நிருபராகப் போயிருந்தேன். பத்தடிக்குப் பத்தடி சதுரத்தில் தலைகளை எண்ணி, மொத்தப் பரப்புக்கும் பெருக்குவது என் வழக்கம். மேடைக்கு முன்னால் ஒரு சதுரத்தை எண்ணினேன், இரண்டே பேர். பெருக்கி, முந்நூறு பேர் என்று எழுதி அனுப்பினேன்.

கிளம்பும்போதுதான் கவனித்தேன். வெயில் தாங்காமல் மீதிக் கூட்டம் முழுக்க ஓரத்துப் புளியமரங்களின் அடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. திருத்தியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள் என்று பைக்கை எடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் மனுவோடு போன மலைப்பெண்ணிடம் அதிகாரி என் செய்தியைக் காட்டினாராம். “முந்நூறு பேருக்கு ரோடா?”

அவள் என்னைத் தேடி வந்தாள். “கொழந்தய மடில வச்சிக்கினு அங்கதான இருந்தோம். எங்கள எண்ணவே இல்லிங்களா?”

சாலை இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் முதலில் நிழலைத்தான் எண்ணுகிறேன். மலைக்காரர்கள்தான் வருவதில்லை.