பெஞ்சில் சாயும் இடம் யாருக்கு

ஒருவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

எனக்குத் தெரியவில்லை. (கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். தவளையைப் பற்றிக் கேட்டால் சொல்லிவிடுவேன்.) தோழிகளே, உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

விஷயம் என் அப்பாவைப் பற்றியது. வயது எழுபத்து நான்கு.

ஆறு வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. இருபது வருஷமாகச் சர்க்கரை. தினமும் காலையில் ஊசியைக் கொதிக்க வைத்து நான்தான் மருந்து போடுகிறேன். ஒரு காது கேட்காது.

"எப்படி இருக்கேள்?" என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "ஃபர்ஸ்ட் கிளாஸ்."

ஊசி போட்டுக்கொண்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, மயிலாப்பூர்ப் பூங்காவுக்குப் போவார். அங்கே இவரையும் சேர்த்து மூன்று ரிட்டயர்டு ஆசாமிகளுக்கு ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதன் முதுகுச் சாய்வு ஒரு ஓரத்தில்தான் உடையாமல் இருக்கிறது.

அன்றைக்கு யாருக்கு உடம்பு அதிகம் சரியில்லையோ, அந்த ஓரம் அவருக்கு. இது அவர்கள் போட்ட சட்டம். தினமும் விசாரணை உண்டு.

சாயாமல் உட்கார்ந்தால் அப்பாவுக்கு அரைமணியில் கால் மரத்துவிடும். போன வாரம் இரண்டு நாள் சைக்கிள் ரிக்‌ஷாவில்தான் திரும்பினார். இப்படியே போனால் பூங்காவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானே கூடப் போனேன்.

நடேசன் மாமாதான் நீதிபதி. டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டு ஆரம்பித்தார். "கோபாலன், நீர் சொல்லும்."

கோபாலன் மாமாவுக்குப் போன மாதம்தான் பிளட் பிரஷர் வந்திருக்கிறது.

"ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை ஓய். கண்ணை மூடினா நெஞ்சு காதுல அடிச்சுக்கறது. உப்பு கூடாதுன்னுட்டான். உப்பில்லாத ரசம் சாப்பிட்டிருக்கீரா நீர்?"

நடேசன் மாமா அப்பா பக்கம் திரும்பினார்.

"ராமையா, உமக்கு?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, காலைச் சொல்லுங்கோ."

"அறுபத்தெட்டு வருஷமா அது அப்படித்தானேம்மா இருக்கு. அதுவா வியாதி? அது என் கால்."

"சர்க்கரை?"

"அது ஆத்து மனுஷா மாதிரி. புதுசா என்ன பண்றது?"

தீர்ப்பு வந்தது. "புதுசா ஒண்ணுமில்லையாம். ஓரம் கோபாலனுக்கு."

கோபாலன் மாமா இரண்டு கால்களாலும் விறுவிறுவென்று போய்ச் சாய்ந்துகொண்டார்.

வீடு திரும்பும்போது அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். "வலிக்கறதுன்னு ஒரு தரம் சொன்னா என்ன குறைஞ்சுபோயிடும்?" என்று கேட்டேன்.

"வலிக்கலையே. மரத்துன்னா போறது."

மறுநாள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு அப்பா இரண்டு தும்மல் போட்டார். முகமே மாறிவிட்டது.

"உடம்பு சரியில்லைம்மா. தாங்குவேனான்னு தெரியலை."

காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு, என்னையும் முந்திக்கொண்டு பூங்காவுக்குப் போனார். மூன்றாவது தும்மல் பெஞ்சுக்கு எதிரிலேயே வந்தது.

விசாரணையே நடக்கவில்லை. "ஒட்டிக்கும் ஓய்," என்று இரண்டு மாமாக்களும் எழுந்து எதிர்ப் பெஞ்சுக்கு ஓடிவிட்டார்கள். அந்தப் பெஞ்சுக்குச் சாய்வே கிடையாது.

அப்பா ஓரத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பெஞ்சு முழுக்க அவருக்குத்தான்.

பத்து நிமிஷம் ஆனது. (கடிகாரத்தைப் பார்த்தேன்.) எதிரே டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது.

அப்பா எழுந்து, மெல்ல நொண்டிக்கொண்டே போய், அவர்கள் முன்னால் நின்றார்.

"ஜலதோஷம் போயிடுத்து. நகருங்கோ."