பயனாளி வரிசையில் கோதண்டம்

நாகம்மாளுக்குக் கோதண்டம் ஒன்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். கைமாற்று இல்லை, வட்டிக்கு வாங்கியதும் இல்லை. அவள் அண்டா தேய்த்த கூலி, நாற்காலி துடைத்த கூலி. அறுபத்தேழு வயதில் அவர் பேரில் இருந்த ஒரே கடன் அதுதான்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் கோதண்டம் என்றால் பந்தல்காரர் என்பார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தொழிற்பேட்டையில் டீத்தூக்கைத் தூக்கியவர். பிறகு ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பந்தக்கால் நட்டார். இன்னொருவனுக்கு நட்டது போதும் என்று தோன்றிய வருடத்தில் ஐம்பது இரும்பு நாற்காலியும் நாலு அண்டாவும் வாங்கிச் சொந்தமாக வாடகைக் கடை போட்டார். யாரும் பத்துப் பைசா கொடுத்ததில்லை. கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார். பெருவெள்ளம் வந்த வருடம் கொரட்டூரிலும் முகப்பேரிலும் ஜனங்களுக்குச் சோறு பொங்க அண்டா முழுவதையும் வாடகை இல்லாமல் இறக்கியவர் அவர். இதை அவரே தினம் ஒரு ஆளிடமாவது சொல்லிவிடுவார். செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அவரைத் தூக்கிவிட்டது கல்யாண சீசன் இல்லை, டிரஸ்ட்காரர்கள். சுனாமிக்குப் பிறகு நகரத்தின் மேற்குப் பக்கம் தெருவுக்கு ஒரு டிரஸ்ட் போர்டு தொங்கியது. மகளிர் குழுக் கூட்டம், கண் முகாம், தையல் மிஷின் வழங்கும் விழா. பேசுகிறவர்கள் நின்றுகொண்டு பேசலாம், கேட்கிறவர்கள் உட்கார வேண்டாமா? ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் சேவை என்று எது நடந்தாலும் நாற்காலி கோதண்டத்தினுடையது. தமிழ்நாட்டில் சேவை செய்கிற ஆட்களில் பாதிப்பேர் தன் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான் என்று அவர் சொல்வதில் கொஞ்சம் மிகை உண்டு. அதிகம் இல்லை.

அப்புறம் வெளிநாட்டுப் பணம் வருகிற வழி இறுகியது. ஒவ்வொரு போர்டாக இறங்கியது. மிஞ்சியவர்களில் ஒருவர் இக்னேஷியஸ். முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டு அறையில் முதியோருக்காக ஒரு டிரஸ்ட் நடத்தினார். போன வருடம் அவர் அம்பத்தூரில் ஒரு மாநில மாநாடு கூட்டினார். கன்னியாகுமரியிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் தொண்டு நிறுவனத்து ஆட்கள் வந்து இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். கோதண்டம் ஓரமாக நின்று கேட்டார். ஊர்தான் வேறே ஒழிய எல்லோருக்கும் ஒரே புலம்பல்: வேலை கிடக்கிறது, வேலை செய்கிறவனுக்குச் சம்பளம் இல்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். நாற்காலி, பந்தல், பாத்திரம் என்று முப்பத்தெட்டாயிரம் பாக்கி நின்றுபோயிற்று. அதிலிருந்து வர வேண்டியதுதான் நாகம்மாளின் கூலி.

அவள் நெருக்கிக் கேட்டவள் இல்லை. அந்த வாரம்தான் முதல் தடவையாகக் கடை வாசலில் வந்து நின்றாள். நூம்பலில் அவள் இருந்த ஓட்டு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள்.

"ஞாயித்துக்கெயமைக்குள்ள காலி பண்ணணுமாம் அண்ணாத்தே. அயப்பாக்கத்துல ஒரு ரூம்பு கீது. அட்வான்ஸு குட்த்தாத்தான் சாவி தருவேன்றான்" என்றாள். பிறகு, "நீ குடுக்கலன்னு நான் எங்கியும் சொல்லல. கேக்க வேற ஆளு இல்ல, அதான்" என்றாள்.

அந்த இரண்டாவது பேச்சுதான் அவரை உறுத்தியது. வைதிருந்தால்கூடத் தேவலாம்.

முகப்பேருக்குப் போய் மாடிப்படி ஏறினார். எத்தனையோ முறை ஏறிய படிதான். இந்த முறை பாதியில் நின்று மூச்சு வாங்கினார். உள்ளே இக்னேஷியஸும், கணக்கு எழுதுகிற ஜாஸ்லின் என்கிற பெண்ணும் இருந்தார்கள். மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். பணம் வந்திருக்கிறது என்று இக்னேஷியஸே சொன்னார். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி, ஆதரவில்லாத அறுபது முதியவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆளுக்கு ஐயாயிரம் தருகிறதாம். ஆனால் அந்தப் பணத்தில் வேறு எதற்கும் கை வைக்கக் கூடாதாம். நாற்காலிப் பாக்கி என்று ஒரு செலவை அதில் காட்டவே முடியாதாம்.

"உக்கார்ற ஆயாவுக்குத் துட்டு கீது, ஆயா உக்கார்ற சேருக்குத் துட்டு இல்லியா?" என்றார் கோதண்டம். "நின்னுகினேவாபா மாநாடு நடத்தினே?"

இக்னேஷியஸ் சிரித்தார். சிரிக்கவே தெம்பில்லாத சிரிப்பு. "நானே மூணு மாசமா சம்பளம் எடுக்கலண்ணே. இந்தப் பொண்ணுக்கும் குடுக்கல" என்றார். ஜாஸ்லின் தலை நிமிரவில்லை. இக்னேஷியஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு வழி இருக்கு. கோவிச்சுக்கக் கூடாது. அறுபதுல ஒரு பேரு உங்க பேரா போட்டுடறேன். எட்டு தரம் வாங்கினா பாக்கி தீர்ந்துடும். வயசு சரியா இருக்கு" என்றார்.

கோதண்டத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அலுப்புதான் வந்தது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டு இறங்கினார். ஐயாயிரம் கைக்கு வந்தால் நாகம்மாளுக்குப் பாதி தீரும், மீதிக்கு வீட்டுக்காரனிடம் தானே போய்ப் பேசலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டார்.

சனிக்கிழமை பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் விழா. மண்டபத்து நாற்காலி, மெத்தை வைத்தது. கோதண்டம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் ஒரு விழாவில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நிற்பது பழகிய முதுகுக்குச் சாய்மானம் ஒத்துவரவில்லை. கம்பெனியிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே நிறத்தில் பனியன் போட்டிருந்தார்கள். ரெனிதா என்று மார்பில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண் குனிந்து, "தாத்தா, சாப்டீங்களா?" என்று கேட்டாள். நல்ல பெண்தான். விழாவில் அவரிடம் அப்படிக் கேட்டவர்கள்தான் இதுவரை இல்லை.

மேடையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒட்டிய கவர், ஒரு கும்பிடு, ஒரு போட்டோ. பக்கத்து நாற்காலியில் மாங்காட்டிலிருந்து வந்த ஆக்னஸ் என்கிற அம்மாள். அவள் கோதண்டத்தின் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனுக்கும் புள்ளைங்க பாக்கறதில்லியா?" என்றாள்.

ஓசூரில் மகன் இருக்கிறான், வாராவாரம் போன் செய்கிறான், கடையை மூடிவிட்டு வந்துவிடு என்று கெஞ்சுகிறான். கோதண்டம் ஏதோ தலையை ஆட்டி வைத்தார்.

"என் தங்கச்சியும் எழுதிக் குடுத்தா. என்னாட்டமே தனிக்கட்டை. கண்ணு வேற செரியில்ல. அறுபது ரொம்பிச்சு, எடம் இல்லன்னுட்டாங்க. வெளில குந்தினுகீறா, என்னைக் கூட்டினு போவ" என்றாள் ஆக்னஸ். குறையாகச் சொல்லவில்லை. இடம் இல்லை என்று கேட்டுக் கேட்டுப் பழகிய குரல்.

கோதண்டம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். செருப்பு விடுகிற இடத்தில், படியில், ஒரு கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுந்தார். நேரே போய் அந்தக் கிழவியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து தன் நாற்காலியில் உட்கார வைத்தார். மேடையோரம் இக்னேஷியஸ் வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தார். கோதண்டம் அவர் காதோடு பேசினார்.

"அந்த எடம் இந்தம்மாவுது. என் பேரை அடிச்சுட்டு எழுது. ஜனத்துக்குத் தண்ணில அண்டா இறக்கினவன்பா நானு, ஆயா சோத்துல வாடகை புடிக்கமாட்டேன். உன் பாக்கி, முடிஞ்சா குடு. முடியலன்னா போ."

"அண்ணே, கோவமா?" என்றார் இக்னேஷியஸ்.

"தெம்பு இல்லபா" என்றார் கோதண்டம்.

மண்டபத்திலிருந்து நடை தூரத்தில்தான் அப்துல் ரசாக்கின் கடை. அவரும் பந்தல், பாத்திர வாடகைக்காரர். முப்பது வருடமாக ஒருவர் ஆர்டரை ஒருவர் பிடுங்கி வளர்ந்த சிநேகம். அறுபது நாற்காலி தருகிறேன், எடுத்துக்கொள்கிறாயா என்று கோதண்டம் கேட்டார்.

"இன்னா மாமே, கடையை மூடிகினு காசிக்குப் போறியா?"

"வாயை மூடிகினு வெலையைச் சொல்லு."

"உன் மூஞ்சிக்கு நூத்திருவது."

"என் மூஞ்சிய நான் விக்கல. சேரு நூத்தம்பது."

ரசாக்குக்குத் தெரியும்: இந்த மனுஷன் நாற்காலி வாங்கித்தான் பார்த்திருக்கிறாரே தவிர, விற்றுப் பார்த்ததில்லை. மேற்கொண்டு பேரம் பேசாமல் பெட்டியைத் திறந்தார். ஒன்பதாயிரம். வண்டியைக் காலையில் அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் கோதண்டம் நூம்பல் போய்ச் சேர்ந்தார். நாகம்மாள் பாத்திரத்தைக் கழுவிக் கழுவிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பக்கத்து வீட்டை இடித்துவிட்டதால் தெருவெல்லாம் செங்கல் தூள். டிரஸ்ட்காரர்கள் கொடுத்துவிட்டார்களா என்று அவள் விசாரித்தாள். நாற்காலி கொடுத்தது என்று அவர் சொன்னார். அவளுக்கு விளங்கவில்லை. விளங்க வைக்க அவருக்கும் அப்போது முடியவில்லை.

"கை ஈரமா கீது. அந்த முறத்துல வெச்சுட்டுப் போ அண்ணாத்தே. உன்னாண்ட எண்ணி வாங்கணுமா நானு?" என்றாள்.

"எண்ணித்தான் வாங்கணும். கையைத் தொடச்சுகினு நீட்டு."

அவள் முந்தானையில் துடைத்துவிட்டுக் கையை விரித்தாள். சோப்பிலும் சாம்பலிலும் வெளுத்து, ரேகையெல்லாம் தேய்ந்துபோன உள்ளங்கை. கோதண்டம் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஐந்நூறு ரூபாய்த் தாளை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, அதன் மேல் வைத்தார்.