மேகத்துக்குள் தூங்கியவர்

கண்டியிலிருந்து புசல்லாவைக்குப் போகிற பஸ்ஸில் அந்த மனிதர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல உயரம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கண்ணுக்குக் கீழேதான் கறுத்துக் கிடந்தது. உட்கார்ந்ததும் ஜன்னல் கொக்கி, முன்சீட்டுக் கம்பி, மடியிலிருந்த பை என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பஸ்ஸை நீங்களா ஓட்டப் போறீங்க, தம்பி?" என்றேன்.

சிரித்துவிட்டார். "நான் பிளேன் ஓட்டுறவன் அம்மா. பழக்கம் விடமாட்டேங்குது."

பிறகு அவராகவே சொன்னார். மறுநாள் அவர்கள் சங்கத்தில் வாக்கெடுப்பாம். கம்பனியோடு புது ஒப்பந்தம். சம்பளம் கூடும், ஓய்வு நேரம் குறையும்.

"மக படிப்புக்கு அந்தச் சம்பளம் வேணும். ஆனா இப்பவே மேல போனா கண்ணு சொருகுது அம்மா."

"எங்க தேயிலைத் தோட்டத்திலயும் சம்பளத்தக் கூட்டி, பறிக்கிற கொழுந்தையும் கூட்டச் சொன்னாங்க. நான் கையத் தூக்கலயே!"

"பிறகு?"

"மத்தவங்க எல்லாரும் தூக்கிட்டாங்க."

கம்பளை தாண்டி மலை ஏறும்போது மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்தது. அவர் தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் தங்கியது. கண்டவருக்கும் தோள் கொடுக்கிறவள் இல்லை நான். ஆனாலும் அசையவில்லை. பஸ் மேகத்துக்குள் மிதந்து போவதுபோல இருந்தது. நான் இறங்க வேண்டிய இடம் வந்தது, போனது.

"என்ன ஆச்சி, எறங்கலயா?" என்றான் கொண்டக்டர்.

"சத்தம் போடாதடா, அவர் தூங்கட்டும்."

புசல்லாவையில் விழித்தவர், வெட்கப்பட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். எந்தப் பக்கம் வாக்குப் போட்டாரோ, தெரியாது. இன்றைக்கும் மலைக்கு மேலே பிளேன் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறேன். ஓட்டுகிறவர் நன்றாகத் தூங்கி எழுந்துதான் வந்திருப்பாரா?