அவள் சொல்லாமல் விடும் வரி

எங்கள் வீட்டில் ஜெபம் ஏழு மணிக்கு. கரண்ட் போனாலும் சரி, விருந்தாளி வந்தாலும் சரி, என் மனைவி டிவியை அணைத்துவிட்டுப் பாயை விரித்துவிடுவாள். காய்ச்சலில் கிடந்தபோதுகூடச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னவள். புதுச்சேரி நெல்லித்தோப்பில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பவை, அவளுக்கோ வெண்கலத் தொண்டை. அவள் குரல் கேட்டால்தான் பக்கத்து வீட்டுப் பாயம்மா ராத்திரிச் சோற்றுக்கு உலை வைப்பார்.

நான் வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, பிறப்பால் இந்து. இவளைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியவன். எல்லா ஜெபத்தையும் நெட்டுருப் போட்டு, பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் பேர் சொல்வதுபோலக் கடகடவென்று ஒப்பிப்பேன். வாய் ஜெபம் சொல்லும், மனசு அடுப்பில் இருக்கும் சங்கரா மீன் குழம்பைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இயேசு சொல்லிக்கொடுத்த பரலோக மந்திரத்தை எங்கள் வழக்கப்படி இரண்டாகப் பிரித்துச் சொல்வோம். முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்லி முடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பாதி எனக்கு, மறுபாதி அவளுக்கு. அந்த மறுபாதியில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று ஆண்டவரிடம் சொல்லும் ஒரு வரி வரும். அந்த வரியில் மட்டும் அவள் குரல் காணாமல் போகிறது என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். அதற்கு முன்னால் அன்றாட உணவு கேட்பதைக் கணீரென்று சொல்வாள், அதற்குப் பின்னால் வருவதையும் கணீரென்று சொல்வாள். நடுவில் ஒரு மூச்சு அளவுக்குப் பேச்சிருக்காது.

"ஏம்மா, ஒரு வரிய முழுங்கிட்டுப் போறியே, மறந்துபோச்சா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"மறக்கல்லாம் இல்ல. அது எனக்குப் பொய்யிங்க. முட்டி போட்டுக்கிட்டு ஆண்டவர்கிட்டயே பொய் சொல்லச் சொல்றீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. யாரை நினைத்துச் சொல்கிறாள் என்று தெரியும். அவளுடைய அண்ணனைத்தான். அவர்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், சிப்பாய் வீடு என்ற அர்த்தத்தில் 'சொல்தா வீடு' என்றால் அந்தத் தெருவே வழிகாட்டும். அந்தப் பெருமைக்கு என்னைப்போல ஒரு மாப்பிள்ளை ஆகுமா? கல்யாணத்தோடு எங்களைத் தள்ளிவைத்தார்கள். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அவளுடைய அம்மா இறந்த அன்று ஓடிப்போய் நின்றபோது, அண்ணன் கேட்டைச் சாத்திவிட்டார். பெற்ற மகள் தெருவில் நின்றாள். மூடிய சவப்பெட்டி வெளியே வந்த பிறகு ஊரோடு ஊராக, கடைசி ஆளாகக் கல்லறை வரைக்கும் நடந்துபோனாள். அம்மா முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

"அப்ப அந்த எடத்துல சும்மா இருக்கியா?"

"சும்மா எதுக்கு இருக்கேன்? எங்க அண்ணன மனசுல கொண்டாந்து நிறுத்துவேன். என்னால முடியல சாமி, நீதான் எனக்கு அந்த மனசக் குடுக்கணும்னு கேப்பேன். அப்பறம் மிச்சத்தச் சொல்லுவேன்."

அடேயப்பா! நான் ஒரு வரி விடாமல் சொல்லி ஒன்றுமே சொல்லாதவன். இவள் ஒரு வரியை விட்டுவிட்டு அத்தனையையும் மனசாரச் சொல்பவள். அன்றிலிருந்து என் வேகம் தானாகக் குறைந்தது. பாயில் உட்கார்ந்ததும் முதலில் என் பேச்சிலேயே இரண்டு வார்த்தை பேச ஆரம்பித்தேன். 'சாமி, இன்னைக்கி கம்பெனியில அந்த சூப்பர்வைசர அடிச்சிருப்பேன், நீதான் கையப் புடிச்ச' என்று சொல்வேன். பக்கத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

போன வருஷம் அக்டோபர் மாதம். ஜெபமாலை மாதம் என்பதால் மாதா சுரூபம் தெருவில் வீடு வீடாக வரும், தெருக்காரர்கள் கூடவே வந்து ஜெபமாலை சொல்வார்கள். எங்கள் வீட்டு முறை வந்த அன்று, ஜெபம் ஆரம்பித்த பிறகு வாசலில் ஓர் ஆள் செருப்பைக் கழற்றினார். அவளுடைய அண்ணன்! எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கையில் ஜெபமாலை இருந்ததால் பிழைத்தார். ஜெபத்தின் நடுவில் யார் வந்தாலும் பாயில் இடம் கொடுப்பதுதான் முறை, அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஜெபமாலையில் ஒரு பத்து மணிகளை முன்னின்று சொல்ல விருந்தாளிக்குக் கொடுப்பதும் எங்கள் தெரு வழக்கம். முன்னின்று ஜெபம் சொல்லும் டீச்சருக்கு எங்கள் கதை தெரியாது. "அடுத்த பத்த நீங்க ஆரம்பிங்க சார்" என்று சொல்லிவிட்டார். மச்சான் பரலோக மந்திரத்தின் முதல் பாதியைச் சொன்னார். கூட்டம் மறுபாதியைச் சொன்னது. எல்லாருக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருந்த தங்கையின் குரல் அந்த வரியில் நின்று, பிறகு எழுந்தது. அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்த மணியை உருட்ட அவருக்குக் கை வரவில்லை.

எல்லாரும் சுண்டல் வாங்கிக்கொண்டு கிளம்பியதும் அவர்தான் பேச்சை எடுத்தார். "நாளைக்கி ஆஸ்பத்திரில சேர்றேன். நெஞ்சுல ஆப்ரேசன். போறதுக்கு முன்னாடி ஒன்னப் பாத்துடணும்னு வந்தேன். அன்னைக்கி நான் வாசக் கேட்டச் சாத்துனது பாவம்."

அவள் பாயைச் சுருட்டி வைத்தாள். அவரே மறுபடியும் கேட்டார்.

"நீ அந்த வரிய சொல்லல, இல்ல?"

"சொல்லல."

"அம்மா போனதுலேருந்தா?"

"அன்னையிலேருந்துதான். மொதல்ல சாப்புடு."

இட்லியும் மீன் குழம்பும் வைத்தாள். தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். நானே இன்னும் ரெண்டு இட்லி எடுத்து வைத்தேன், ஏன் என்று கேட்காதீர்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, "என்ன மன்னிக்கலன்னாலும் பரவால்லம்மா. எனக்காக வேண்டிக்க, அது போதும்" என்றார்.

"தெனம் ஒனக்குத்தாண்ணா வேண்டிக்கிறேன். எத்தினியோ நாள் ஒடம்பு முடியாது, இன்னைக்கி விட்டுடலாமான்னு இருக்கும். ஒன்ன இப்புடி மனசுல வெச்சுக்கிட்டு எப்புடி விடுறது? ஒன்னாலதான் நான் ஒருநாளும் ஜெபத்த விடல."

மச்சான் அப்படியே படியில் உட்கார்ந்து, குழந்தையாட்டம் அழுதார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதுகில் கை வைத்தாள்.

"அழுவாத. நல்லபடியா எழுந்து வா. வந்து ஏழு மணிக்கு இதே பாயில உக்காரு. அந்த வரிய நான் சொல்ற அன்னைக்கி, கேக்கறதுக்கு நீ இருக்கணும்."