அவள் பேசாமல் இருந்த மத்தியானங்கள்

எங்கள் வீட்டில் எழுதுவது என்றால் பேசுவது. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊரைவிட்டு ஓடியவன். லாரியில் கிளீனர், சூரத்தில் ஓட்டலில் மாவாட்டி, கோவாவில் படகுத்துறையில் ஐஸ் சுமப்பவன் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் தாராவிக்கு வந்து நின்றேன். எதைக் கொடுத்தாலும் படித்துவிடுவேன். எழுத உட்கார்ந்தால்தான் கை இழுக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போய்விடும், அதிலும் பாதி பிழை. ஆனால் சொல்ல நிறைய இருந்தது. எழுதி அனுப்பிய சில பக்கங்களுக்குப் பதிப்பகங்கள் எதுவும் பதில் போடவில்லை. நானே அச்சடித்துக்கொள்வது என்று முடிவு செய்தபோது, திருநெல்வேலியில் ஒரு அச்சகக்காரர் வழி சொன்னார்.

"நீங்க கதைய வாயால சொல்லி போன்ல அனுப்புங்க. பாளையங்கோட்டையில ஒரு பிள்ள இருக்கா, வக்கீல்மாருக்கு டைப் அடிக்கிறவ. அவ கேட்டு அடிச்சிருவா."

என் மூன்று புத்தகங்களும் அப்படி வந்தவைதான். திருநெல்வேலியில் அச்சாகி, பஸ்ஸில் சயான் வரை வந்து, என் டெம்போவில் வீட்டுக்கு வரும். பொங்கல் சமயத்திலும் கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா நாட்களிலும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் கொண்டுபோய் விற்பேன். வாங்குகிறவர்கள் எல்லாம் தலை நரைத்தவர்கள். அவர்கள் கூட வரும் பிள்ளைகள் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். விற்காதவை கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதற்கு மேல்தான் படுக்கை.

வீடு ஒரே அறை. கதவைத் திறந்தால் சந்து. ஒரு மூலையில் சமையல் மேடை, ஒரு மூலையில் கட்டில், நடுவில் இரும்பு ஏணி. ஏறினால் மேலே மாளா என்கிற பரண். அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது. பிள்ளைகள் படுப்பது அங்கேதான், நான் எழுதுவதும் அங்கேதான். இருட்டோடு டெம்போவில் வாஷி மார்க்கெட் போய்க் காய்கறி ஏற்றி, மாட்டுங்கா, செம்பூர்க் கடைகளில் இறக்கிவிட்டு வந்து சாப்பிட்டால், பிள்ளைகள் வரும்வரை கொஞ்ச நேரம் கிடைக்கும். பகலில் தூங்க வேண்டிய நேரம் அது. அதைத்தான் எழுத எடுத்துக்கொண்டேன்.

முதல் புத்தகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வீடு வீடாகவே இருந்தது. குக்கர் விசில் அடிக்கும், மிக்சி ஓடும், சந்தில் யாராவது சண்டை போடுவார்கள், என் மனைவி கீழேயிருந்து ஏதாவது கேட்பாள். எல்லாம் பதிவில் விழும். நான் அப்படியே அனுப்பிவிடுவேன். பாளையங்கோட்டைப் பெண் ரொம்ப நாள் பொறுத்துவிட்டு ஒருநாள் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, தப்பா நெனக்காதீங்க. வேற சத்தமும் சேந்து வருது. எத அடிக்கணும், எத விடணும்னே தெரியல. ஒரே பக்கத்த மூணு தடவ கேக்க வேண்டியிருக்கு."

அதை நான் என் மனைவியிடம் சொன்னேன். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னேன். அவள் அன்றைக்கே வீட்டு நேரத்தை மாற்றிவிட்டாள். சமையல் எல்லாம் நான் வருவதற்குள் முடிந்துவிடும். அரைக்க வேண்டியது காலையிலேயே அரைத்தாகியிருக்கும். நான் ஏணியில் ஏறியதும் ஃபேனைக் குறைத்துவிட்டு, நிலைப்படியை ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். பட்டறையிலிருந்து வரும் ஜீன்ஸ் பேண்டுகளில் தொங்கும் நூலை வெட்டித் தருவது அவள் செய்த வேலை. அது சத்தமில்லாத வேலை. சின்னக் கத்திரி மட்டும் டிக் டிக்கென்று கேட்கும். கதவைத் தட்ட வருகிறவர்களை அவளே உதட்டில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் சாயங்காலம் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, மத்தியானம் உன் வீட்டுப் பக்கம் வந்தா ஒரு சத்தங் கிடையாது. உள்ள யாரும் செத்துக்கித்துப் போயிட்டாவளோன்னு பயந்துட்டேன்."

"சாகலக்கா. எழுதுதாவ."

"ரெண்டும் ஒண்ணுதான் போலருக்கு."

என் மனைவி சிரித்த சிரிப்பு எனக்கு உள்ளே கேட்டது.

அவள் தாராவியிலேயே பிறந்தவள், முனிசிபல் பள்ளியில் ஹிந்தி படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். என் புத்தகத்தில் அவள் முழுசாகப் படித்தது ஒன்றுகூட இல்லை. படிக்க அவசியமும் இருக்கவில்லை. மேலே நான் சொல்வதையெல்லாம் கீழே நூல் வெட்டிக்கொண்டே கேட்டிருப்பாள். நான் போனை அணைத்துவிட்டு ஏணியில் இறங்கினால்தான் அவள் வாய் திறக்கும்.

"அந்த லாரிக்காரன் பொண்டாட்டிய இன்னைக்குக் கொல்லப் போறீங்கன்னுல்ல நெனச்சேன். தப்பிச்சுட்டா."

"நாளைக்குச் சாவா."

"வேண்டாங்க. அவளுக்கு அந்த அரிசி மூட்ட வந்து சேரட்டும். அப்புறம் சாகட்டும்."

பல இடங்களில் அவள் சொன்னபடி மாற்றியிருக்கிறேன். அந்தப் பேச்செல்லாம் போன் அணைந்த பிறகு நடந்தது.

இரண்டாவது புத்தகத்திலிருந்து நானும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பதிவு ஓடும்போது வேறு குரல் எதுவும் விழுந்தால் விரலால் இடப்பக்கம் தள்ளிவிடுவேன். அது அழிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து சொல்வேன். எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவளுக்கும் சில நாள் வாய் தவறிவிடும். பால்காரன் வந்திருப்பான், பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்திருக்கும். "ஏங்க" என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். நான் தள்ளிவிட்டு அடுத்ததைத் தொடங்குவேன். கோபம் கிடையாது. வேலை அப்படி.

போன மழைக்கு முந்தின மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் சந்தில் அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வராத வீடு கிடையாது. மாத்திரை போட்டுக்கொண்டு நூல் வெட்டினாள். கண் மஞ்சளானதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அவர்களும் பார்த்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் முடிந்துவிட்டது. மூன்றாவது புத்தகம் பாதியில் நின்றிருந்தது. சில மாதம் கழித்து அதையும் முடித்தேன். முடிக்காமல் உட்கார்ந்திருந்தால் ஊரைவிட்டுப் போய்விடுவேன் என்று பயமாக இருந்தது. எனக்கு அந்தப் புத்தி உண்டு. பிள்ளைகள் இரண்டு இருக்கின்றன.

பெரியவன் இப்போது பன்னிரண்டாவது. சின்னவள் இரண்டாம் வகுப்பு. அம்மா போகும்போது அவள் பள்ளிக்கு முந்தின பாலவாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் நேரமெல்லாம் மாறிவிட்டது. சின்னவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சோறு போட்டு வீட்டுப்பாடம் எழுதவைத்தால் மத்தியானம் போய்விடும். மார்க்கெட்டில் சரக்கு ஏற்றும் நேரத்தில் டெம்போவுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்சம் சொல்வேன். அவ்வளவுதான் இப்போது எழுத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். எனக்குச் சரியாக வராது, ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் தொங்கும். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எப்பா, அம்மா எப்படிப் பேசுவா?"

"நல்லாப் பேசுவா."

"அது இல்ல. ஆவாஸ். அம்மா ஆவாஸ் எப்படி இருக்கும்? மூஞ்சி தெரியுது. போட்டோ இருக்குல்ல. ஆவாஸ் வரமாட்டேங்குது. யோசிச்சா டீச்சர் ஆவாஸ் வருது."

மாளாவில் படித்துக்கொண்டிருந்த பெரியவன் ஏணி வழியாகத் தலையை நீட்டினான். "அரே, இது என்ன பெரிய விஷயம். அம்மா குரல் எங்கயாவது இருக்கும். நான் எடுத்துத் தாரேன்" என்றான்.

அவன் அன்றைக்குப் பகல் முழுக்கத் தேடினான். அவள் வைத்திருந்தது பட்டன் போன், அதில் ஒன்றும் இருக்காது. சீத்தா கேம்பில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோவில் அவள் வருகிறாள். யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். மேளமும் ஸ்பீக்கரும் சேர்ந்து அலறுவதில் வாய் அசைவது மட்டும் தெரிகிறது. சின்னவள் திரைக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தாள்.

அப்புறம்தான் அவனுக்கு என் பதிவுகள் நினைவு வந்தன. "எப்பா, உங்க போனைத் தாங்க. ரெண்டு வருஷத்து வாய்ஸ் இருக்கும்ல அதுல. இதே வீட்லதான ரெக்கார்ட் பண்ணுனீங்க" என்றான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் கொடுத்தேன்.

மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து கேட்டோம். அடுத்தடுத்த நாட்களிலும் கேட்டோம். என் குரல் நீளமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. லாரி போகிறது, சூரத்தில் மழை பெய்கிறது, யாரோ யாரையோ விட்டுவிட்டு ஓடுகிறார்கள். நான் மூச்சு வாங்கும் இடங்களில் கீழே கத்திரி டிக்கென்கிறது. ஒரு தடவை இருமல், அதுவும் துணியால் வாயைப் பொத்திக்கொண்ட இருமல். ஒரு தடவை வளையல். சொல் ஒன்றுகூட இல்லை. அவள் பேசின பதிவுகளையெல்லாம் நான் தள்ளிவிட்டிருந்தேனே.

"இது அம்மாவா?" என்று கத்திரிச் சத்தத்துக்குச் சின்னவள் கேட்டாள்.

"ஆமா" என்றான் பெரியவன்.

"இதுல ஒண்ணுமே சொல்லலயே."

முதல் புத்தகத்தின் பதிவுகளில் அவள் நிறையப் பேசியிருந்தாள். ஆனால் அந்தப் பழைய போன் டெம்போவில் மழைத்தண்ணீரில் கிடந்து செத்துவிட்டது. பாளையங்கோட்டையில் இருந்தாலும் இருக்கும் என்று போன் போட்டேன். அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இல்லையே அண்ணாச்சி. அடிச்சு முடிச்சதும் அழிச்சிருவேன். இல்லாட்டி போன் நெறஞ்சுரும். நான் அப்ப ஒரு வார்த்த சொல்லாம இருந்திருந்தா..."

"அத விடுங்க."

"மதினிய நான் பாத்ததே இல்ல. ஆனா குரல் நல்லாத் தெரியும். ஒருக்கா உங்க கதையோட சேத்து அவங்க சொன்னதயும் அடிச்சு வச்சுட்டேன், ஞாபகம் இருக்கா? லாரி ராத்திரில ஹைவேல போய்ட்டிருக்கும், பக்கத்துல ஒரு மனுசர் கிடையாது, திடீர்னு, 'ஏங்க, தண்ணி வந்துட்டு, கொடத்த எறக்குங்க'ன்னு இருக்கும். அச்சகத்துல சிரிச்சாங்க."

எனக்கும் ஞாபகம் வந்தது. அதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டியபோது, "இருக்கட்டுமே, லாரிக்காரனுக்கும் தண்ணி வேணும்லா" என்றாள். நான்தான் அதை எடுத்துவிடச் சொன்னேன்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்துப் போனுக்குள் கேட்டாள்.

"ஆன்ட்டி, அம்மா மாதிரி சொல்லுங்க."

"எம்மா, எனக்கு எப்படி வரும்?"

"உங்களுக்குத் தெரியும்னு சொன்னீங்கள்ல."

அந்தப் பெண் தொண்டையைச் செருமினாள். பிறகு கொஞ்சம் இழுத்து, மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, தண்ணி வந்துட்டு. கொடத்த எறக்குங்க."

"ஃபிர் ஸே. இன்னொரு தடவ."

மறுபடி சொன்னாள். இரண்டாம் தடவை குரல் உடைந்தது. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முகம் தெளிந்தது.

"ஹாங். இதான். அம்மா இப்படித்தான் பேசுவா."

பெரியவன் என்னைப் பார்த்தான். அவன் அம்மாவின் குரல் தடித்த குரல், சந்து முனைவரை கேட்கும். கடைசியில் கொஞ்சம் கரகரக்கும். இது மெல்லிசான குரல், பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல் ஒவ்வொரு எழுத்தும் தனியாக விழுகிற குரல். கிட்டக்கூட வரவில்லை. அவன் வாயைத் திறந்தான். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவன் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான். குழாயில் தண்ணீர் வரும் நேரம்கூட இல்லை அது.

இப்போது சின்னவள் எதிர்வீட்டுப் பிள்ளையோடு வீட்டு விளையாட்டு விளையாடும்போது அம்மாவாக அவள்தான் இருப்பாள். "ஏங்க, தண்ணி வந்துட்டு" என்கிறாள், அந்தப் பாளையங்கோட்டைக் குரலில், அதே இழுப்போடு. நான் திருத்தவில்லை. திருத்த வேண்டுமானால் சரியானது எது என்று செய்துகாட்ட வேண்டும். என் தொண்டையில் அது வராது. பெரியவனிடம் ஒருநாள் கேட்டேன். "எனக்கும் வராதுப்பா" என்றான்.

இதை நான் பேசிப் பதிவு செய்யவில்லை. கையால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போகிறது. அந்தப் பெண்ணுக்கு இதை அனுப்பி, டைப் அடித்துத் தா என்று எப்படிச் சொல்வது? அச்சான பிறகு அவள் கண்ணில் படலாம். பட்டால் அவள் ஒன்று தெரிந்துகொள்ளட்டும். என் பிள்ளை கேட்டதற்கு அவள் முடியாது என்று மறுக்காமல், கேட்டபடி சொல்லிக்காட்டினாள். அதில் எனக்கு நன்றிதான்.

மார்க்கெட்டில் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காரும்போது சில சமயம் என் மனைவியின் குரலை நினைத்துப் பார்ப்பேன். முன்பெல்லாம் நினைத்ததும் வரும். இப்போது எனக்கும் முதலில் வருவது அந்த மெல்லிசான குரல்தான். அதை ஒதுக்கிவிட்டுப் பின்னால் போய்த் தேட வேண்டியிருக்கிறது. சில நாள் கிடைக்கிறது. சில நாள் அதற்குள் சரக்கு ஏற்றி முடித்து, கிளம்பச் சொல்லி வண்டியைத் தட்டிவிடுகிறார்கள்.