கால் செய்கிறவனின் மனைவி

வெளிநாடு போய் மறைபரப்புப் பணி செய்ய வேண்டும் என்று ஞானமலர் ஒருநாளும் நினைத்தவள் அல்ல. வேலியைத் தாண்டிப் போவதற்கே அவளுக்குப் பயம்.

முள்ளிவாய்க்காலில் பிறந்து, அங்கேயே கிறிஸ்தோப்பரைக் கட்டியவள். அவன் படகு மோட்டார் திருத்துகிறவன். தொண்ணூற்றாறில் முல்லைத்தீவுச் சண்டையோடு தொழில் படுத்துவிட, புதுக்குடியிருப்பில் பங்குச் சுவாமி தொடங்கிய பட்டறையில் சேர்ந்தான். மிதிவெடியில் கால் போனவர்களுக்குச் செயற்கைக் கால் செய்கிற பட்டறை. கால் பொருத்திய பெண்களை இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கப் பழக்குவது ஞானமலரின் வேலையாயிற்று.

அந்த வேலைதான் அவளுடைய பயத்தைப் பெருக்கியது. ஒருத்திக்கு விறகு பொறுக்கப் போன இடத்தில் கால் போயிருந்தது, இன்னொருத்திக்கு மாடு அவிழ்க்கப் போன இடத்தில். கேட்கக் கேட்க ஞானமலருக்கு மண்ணிலேயே நம்பிக்கை விட்டுப்போனது. சைக்கிள் போன தடம் தெரிந்தால்தான் காலை வைப்பாள்.

தொண்ணூற்றொன்பதில் சுவாமி இருவரையும் கூப்பிட்டார். கம்போடியாவில் பணி செய்யும் குருமார் ஒரு குடும்பத்தைத் தேடுகிறார்களாம். கால் செய்யவும் தெரிய வேண்டும், அந்தச் சனத்தோடு இருந்து செபிக்கவும் வேண்டும்.

"அங்கயும் மிதிவெடிதானே சுவாமி?" என்றாள் ஞானமலர்.

"ஓம் பிள்ளை. அதுக்குத்தான் கேக்கினம்."

கிறிஸ்தோப்பரின் முகத்தைப் பார்த்தாள். அவன் மனதளவில் போய்விட்டான் என்று தெரிந்தது.

"இஞ்ச இருக்கிற சனம் உங்களுக்குக் காணாதோ?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். அதற்குப் பிறகு அவளுடைய செபமெல்லாம் ஒன்றுதான்: ஆண்டவரே, வேறு ஆரையும் கூப்பிடும்.

ஒருநாள் அழகம்மா என்ற பெண்ணைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தாள். அழகம்மா அசையவில்லை. "பிள்ளை, நீ எனக்கு முன்னால வந்து நில். கீழ பாத்தா நடுங்குது. உன்ர முகத்தைப் பாத்துக்கொண்டு வாறன்" என்றாள். ஞானமலர் முன்னால் போய் நின்றாள். அழகம்மா ஓரெட்டு வைத்தாள். தன்னைவிடப் பயந்த ஒருத்தி தன் முகத்தை நம்பி நடந்து வருவதை ஞானமலர் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரம் கிறிஸ்தோப்பரிடம், "போவம். ஆனா எனக்குப் பயம் போகேல்லை" என்றாள்.

"எனக்கு மட்டும் போயிட்டுதோ?" என்றான் அவன்.

புலிகளின் கையில் இருந்த வன்னியை விட்டு வெளிக்கிட இயக்கத்தின் பாஸ் என்கிற அனுமதிச்சீட்டு வேண்டும். திரும்பி வருவதற்குப் பிணையாக இங்கே ஒருவர் நிற்க வேண்டும். பக்கத்து வளவு ஐயாத்துரை தானாகவே சம்மதித்தார். கலியாணவீட்டுக்குப் போய் வருகிறோம் என்று சொல்லச் சொல்லி எல்லோரும் புத்தி சொன்னார்கள். திரும்பாவிட்டால் ஐயாத்துரைக்கு என்ன நடக்கும் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பாஸ் கொடுக்கும் இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பொறுப்பாளர், எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டார். கிறிஸ்தோப்பர் தொண்டையைச் செருமினான்.

"வரமாட்டம் தம்பி," என்றாள் அவள். "கம்போடியாவுக்குப் போறம். அங்கயும் கால் இல்லாத சனம். ஐயாத்துரை அண்ணருக்கு இதில ஒரு சம்பந்தமும் இல்லை."

பொறுப்பாளர் பேனையை மூடி வைத்தார். வெளியே மர வாங்கில் உட்காரச் சொன்னார்கள். கிறிஸ்தோப்பரை இனிக் காணமாட்டோம் என்று நினைத்து அவனுடைய சேட்டு நுனியைப் பிடித்தபடியே இருந்தாள். வெயில் சாயும்போது கூப்பிட்டார்கள்.

"இவர் போனா இஞ்ச ஆர் அக்கா கால் செய்யிறது? ரெண்டு பேருக்குப் பழக்கிப்போட்டு வரட்டும். நீங்கள் முதல் போங்கோ. பிணை ஒண்டும் வேண்டாம்," என்றார் பொறுப்பாளர்.

இருவருமாகப் போகத்தான் அவள் துணிந்திருந்தாள். இப்போது தனியே போக வேண்டியதாயிற்று.

இரண்டு படைகளுக்கும் நடுவிலிருந்த சூனியப் பிரதேசத்தை, முன்னால் போன ஒருத்தியின் பாதத்தடத்தில் மட்டும் கால் வைத்துக் கடந்தாள். அப்பால் ஆமிக்காரர் பையைக் கொட்டினார்கள். மொழிபெயர்க்க நின்றவன் கேட்டான்: "உன்ர புருசன் ஆருக்குக் கால் செய்தவன்? புலியளுக்குத்தானே?"

"கால் இல்லாம வந்த ஆக்களுக்கு."

திரும்பத் திரும்ப அதையே கேட்டார்கள். அவளும் அதையே சொன்னாள். வேறு ஒரு சொல் வாயில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகும் பல காலம் நினைத்துக்கொள்வாள்.

நெளுக்குளம் அகதி முகாமில் விட்டார்கள். மாதங்கள் போயின. வன்னியில் சண்டை மூண்டது. புதுக்குடியிருப்பில் குண்டு விழுந்ததாக ஒரு பெண் சொன்னாள், எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. புதிதாகச் சனம் வந்திறங்கும் போதெல்லாம் ஞானமலர் வாசலுக்கு ஓடுவாள். முதலில் எல்லோருடைய கால்களையும்தான் பார்ப்பாள். ஆண்டவர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று ஒருநாள் சத்தமாகவே சொன்னாள்.

இரண்டாயிரத்தொன்றின் தொடக்கத்தில் கிறிஸ்தோப்பர் வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். இரண்டு காலும் இருந்தன.

"நான் பழக்கின றொனால்டும் மற்றப் பெடியனும் இப்ப என்னைவிட வடிவாக் கால் செய்யிறாங்கள்," என்றான். அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கொழும்பில் அவர்களை மறைபரப்புக்கென்று சில மாதம் படிப்பித்தார்கள். பிறகு மேற்றிராணியார் ஆசீர்வதித்து அனுப்பினார். கம்போடியாவில் அவர்கள் போய் இறங்கிய கிராமத்தில், வயல் வரம்பில் மிதிவெடி எச்சரிக்கையாக மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நட்டிருந்தன. ஞானமலர் வான் வண்டியிலிருந்து இறங்க மாட்டாமல் இருந்தாள். கிறிஸ்தோப்பர் இறங்கிப்போய் மாமரத்தடியில் நின்றவர்களைக் கும்பிட்டான். அங்கே ஊன்றுகோலோடு ஒரு பெண் வண்டிக்குள் இருந்த ஞானமலரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஞானமலர் சிலுவை போட்டுக்கொண்டு, டயர் பதிந்த தடமாகப் பார்த்து இறங்கினாள்.