பணயத் துப்பாக்கியின் கழுத்து

அம்ரான் சந்தையில் துப்பாக்கிக்குக் கட்டை செப்பனிட ஹிஸாமை விட்டால் ஆள் கிடையாது. அவன் அப்பா ஏர் செய்தவர். அம்மாவைப் பெற்றவர் கழுதைச் சேணம் தைத்தவர். உடைந்ததைக் கொண்டுவருகிறவன் சொல்லும் கதையை இருவருமே நம்பியதில்லை. இரண்டு வீட்டுச் சந்தேகமும் ஒன்றாகச் சேர்ந்து இவன் தலையில் இறங்கிவிட்டது என்று உறவில் சொல்லிச் சிரிப்பார்கள். உடைந்த துப்பாக்கியோடு வருகிறவர்கள், கழுதை மேலிருந்து விழுந்தது என்பார்கள். எவன் மண்டையில் விழுந்ததோ என்று இவன் மனசுக்குள் கேட்டுக்கொள்வான். ஆள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு மரத்தை மட்டும் நம்புவான்.

ஒரு நாள் முற்பகலில் ஷேக் தக்ஸான் கோதுமைச் சாக்கில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்து, கதவைத் தானே சாத்தினார். பிரித்தால், துருக்கிப் பட்டாளம் விட்டுப்போன ஜெர்மன் துப்பாக்கி. கை பிடிக்கிற கழுத்து இடத்தில் கட்டை இரண்டாகப் பிளந்து தொங்கியது. பார்த்ததும் ஹிஸாமுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது அவன் மனைவி வர்தாவின் அண்ணன் ஷாயிஃபுடையது. அவர்கள் கல்யாணத்தில் வானத்தைப் பார்த்து வெடித்ததே அதுதான்.

ஷாயிஃப் வீட்டாருக்கும் ஹாதி வீட்டாருக்கும் கிணற்றுத் தண்ணீரில் சண்டை. தக்ஸான்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர். வழக்கப்படி இரண்டு தரப்பும் தங்கள் துப்பாக்கியை அவரிடம் பணயமாகக் கொடுத்திருந்தார்கள். பணயம் எப்படி வந்ததோ அப்படியே திரும்பிப் போக வேண்டும். அதில் ஒரு சேதம் என்றால் அதைக் கொடுத்தவனை அவமதித்ததாக ஆகிவிடும். நடுவர் காளை அறுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும், தீர்ப்பும் செல்லாது. அப்புறம் கிணற்றடியில் மறுபடி தோட்டாதான் பேசும்.

விருந்தறைச் சுவரில் மாட்டியிருந்தது, ஆணி கழன்று விழுந்துவிட்டது என்றார் தக்ஸான். ஹிஸாம் நம்பவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்து வால்நட் கட்டை பிளக்காது. ஹாதி வீட்டார் கைவரிசையோ, இவரே யாரையாவது அடித்தாரோ என்று யோசித்தபடி திருகாணிகளைக் கழற்றிப் பிளவை வெளிச்சத்தில் பிடித்தான்.

ஓரத்தில் மட்டும் மரம் வெளுப்பாக, புதிதாகக் கிழிந்திருந்தது. உள்ளே எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. கறுப்பின் மேல் பழைய வஜ்ஜிரப் பசை பொருக்காக உரிந்தது.

தக்ஸானும் பார்த்துவிட்டார். பார்வை மரத்திலிருந்து மெல்ல ஹிஸாம் முகத்துக்கு ஏறியது.

"இந்தச் சுத்துவட்டாரத்துல கட்டை ஒட்டுறவன் நீ ஒருத்தன்தானே, ஹிஸாமு? தீர்ப்பு பிடிக்கலைன்னா என் கையில உடைஞ்சதுன்னு சொல்லிக்கலாம்னு, மச்சானும் மச்சானும் சேர்ந்து எனக்குக் குழி வெட்டினீங்களா?"

"ஷேக், எண்ணெயைத் துடைக்காம அது மேலயே வஜ்ஜிரம் தடவியிருக்கான் பாருங்க. நான் ஒட்டினா இந்த லட்சணத்துலயா ஒட்டுவேன்? என்னைத் திருடன்னு சொல்லுங்க, பரவாயில்ல. வேலை தெரியாதவன்னு சொல்லாதீங்க."

தக்ஸான் சிரிக்கவில்லை. இடுப்புக் கத்தி மேல் கையை வைத்துக்கொண்டு, வேலை முடியும்வரை இங்கேயேதான் இருப்பேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

ஹிஸாம் பெட்ரோலைத் தொட்டுத் தொட்டு எண்ணெயைப் போக்கினான். சாம்பலை அப்பி, காய்ந்ததும் தட்டினான். கழுத்துக்குள் துளை போட்டு, பித்தளைக் கம்பியை வஜ்ஜிரத்தோடு இறக்கி, சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினான். அது காய்கிற மட்டும் இருவரும் காத் என்கிற போதை இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். கட்டைப் பிரித்ததும் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, மாதுளைத் தோல் சாற்றால் நிறம் ஏற்றி, நல்லெண்ணெய் தேய்த்தான். கோடு தெரியவில்லை.

தக்ஸான் அதைச் சாக்கில் சுற்றும்போது, இதைப் பற்றி வர்தாவிடம்கூட வாய் திறக்கக் கூடாது என்றார். ஹிஸாம் தலையாட்டினான். ஷாயிஃப் தெரிந்தே கொடுத்தானா என்பது மட்டும் பல்லிடுக்கில் சிக்கிய இலை நரம்பு மாதிரி அவனை உறுத்தியது.

களத்துமேட்டில் தீர்ப்பானது. காலை முறை ஹாதி வீட்டுக்கு, மாலை முறை ஷாயிஃப் வீட்டுக்கு. காலைத் தண்ணீரைக் கேட்டிருந்த ஷாயிஃபுக்கு முகம் சுண்டிவிட்டது. பணயத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எந்த மனிதனும் துப்பாக்கி கைக்கு வந்தால் முதலில் குழலைப் பார்ப்பான். ஷாயிஃபின் கட்டைவிரல் நேரே கழுத்துக்குப் போனது. தடவினான். திருப்பித் தடவினான். கூட்டத்தில் நின்ற ஹிஸாம் முன்னால் நின்றவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"இது என் துப்பாக்கி இல்ல," என்றான் ஷாயிஃப்.

தக்ஸான் நிதானமாகக் கேட்டார்: "உன்னோடது எப்படி இருக்கும்னு சொல்லுப்பா. இத்தனை பேர் இருக்கோம், தேடித் தரோம்."

ஷாயிஃப் வாயைத் திறந்தான். கழுத்தில் விரிசல் இருக்கும் என்று சொன்னால், உடைந்ததைப் பணயம் வைத்து ஊரை ஏமாற்ற வந்தவன் என்றாகிவிடும். துப்பாக்கியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அவன் சித்தப்பா துப்பாக்கியைப் பிடுங்கிப் பார்த்து, "வளையத்துல உங்கப்பன் பேரு வெட்டியிருக்கேடா, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றார். சிரிப்பு எழுந்தது. ஷாயிஃப் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். தீர்ப்பு நின்றது.

பெருநாள் வந்தது. அண்ணன் தங்கைக்குச் சீர் கொண்டுவராமல் இருக்க முடியாது, அதனால் ஷாயிஃபும் வந்தான். வர்தா அடுக்களைக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"அதைத் திறந்தப்ப உள்ள என்ன இருந்துச்சு, மச்சான்?"

"எதை?"

"நடிக்காதே. நான் உடைக்கல. அப்பா வாங்கினப்பவே யாரோ ஒட்டினதா இருக்கும்."

"நான் ஒண்ணும் கேக்கலையே, மச்சான்."

விரிசலே தெரியாதென்றால் விரல் ஏன் அங்கே போனது? ஹிஸாம் அதைக் கேட்கவில்லை. நீ யார் பக்கம் என்று ஷாயிஃபும் கேட்கவில்லை. வர்தா வந்து ஒரே கூஜாவிலிருந்து இருவருக்கும் காப்பித்தோல் கஷாயம் ஊற்றினாள். ஹிஸாம் முதல் மிடறு குடித்து விழுங்கும்வரை ஷாயிஃப் தன் கோப்பையைத் தொடவில்லை.